ஆறு நாள் மௌனம்

2011 ஏப்ரல் 20 அன்று சோனி தன் ஆன்லைன் கேம் சேவையான பிளேஸ்டேஷன் நெட்வொர்க்கை மொத்தமாக நிறுத்தியது, காரணத்தை ஒழுங்காகச் சொல்லவில்லை. பெயர், முகவரி, பிறந்த தேதி, பாஸ்வேர்ட் எல்லாம் திருடு போயிருக்கலாம் என்று வாயைத் திறந்தது 26ஆம் தேதிதான். அதுவும் சுமார் 7.7 கோடி கணக்குகள். திருட்டைவிட இந்த மௌனம்தான் எனக்கு எரிச்சல், ஏனென்றால் அதே பாஸ்வேர்டை ஈமெயிலுக்கும் வைத்திருந்தவருக்கு (யார்தான் வைக்கவில்லை!) ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம், பிறந்த தேதியையோ மாற்றவே முடியாது. டோக்கியோவில் அதிகாரிகள் குனிந்து மன்னிப்புக் கேட்டார்கள், அப்புறம் இலவச கேம்கள் கொடுத்தார்கள். சரி. 2013இல் பிரிட்டனில் தனிநபர் தகவல் பாதுகாப்பைக் கண்காணிக்கும் தகவல் ஆணையர் அலுவலகம் சோனிக்கு 2,50,000 பவுண்டு அபராதம் போட்டது. மென்பொருளை அப்டேட் செய்திருந்தாலே தடுத்திருக்கலாமாம்!