எந்த சீனில் சொல்கிறான்?

2024 தீபாவளிக்கு லக்கி பாஸ்கர் வந்தபோது தர்மபுரியில் தியேட்டரிலேயே போய்ப் பார்த்தோம், நானும் மனைவியும். இடைவேளையில் பாப்கார்ன் பொட்டலத்தை என் பக்கம் நீட்டிக்கொண்டே, "ஏங்க, நீங்களும் ஷேர் பண்றீங்களே, எவ்வளவு வந்துச்சு?" என்று சாதாரணமாகத்தான் கேட்டாள். வாயில் இருந்தது தொண்டையில் இறங்கவில்லை. அதற்கு நான்கு மாதம் முன்பே ஆப்ஷனில், அதாவது விலை ஏறுமா இறங்குமா என்று பந்தயம் கட்டுகிற மாதிரியான ஷேர் வியாபாரத்தில், ஒரு லட்சத்து நாற்பதாயிரம் போயிருந்தது. அதில் பாதி அவள் சீட்டு எடுத்துக் கொடுத்த பணம், ஸ்கூட்டி வாங்க வைத்திருந்தது.

"ஏதோ வருது" என்றேன்.

அன்றிலிருந்து ஷேர் மார்க்கெட் படம் எது பார்த்தாலும் எனக்கு ஒரே கணக்குதான். ஹீரோ எத்தனை கோடி பார்த்தான், யாரைக் கவிழ்த்தான் என்பதெல்லாம் அப்புறம். வீட்டில் இருப்பவளிடம் எந்த சீனில் சொல்கிறான் என்று மட்டும் பார்ப்பேன். பெரும்பாலான படங்கள் இதில் ஃபெயில்.

லக்கி பாஸ்கர் பரவாயில்லை ரகம். பேங்க் ரசீது என்ற ஒரு தாளை வைத்துக்கொண்டு, கடன் பத்திரம் வாங்க வந்த பேங்க் பணத்தை நடுவில் புரோக்கர் ஷேருக்குத் திருப்பிவிடுவதை, 1992-ல் வெடித்த பம்பாய் ஷேர் புரோக்கர் ஹர்ஷத் மேத்தா மோசடியின் அந்தச் சூட்சுமத்தை, எங்கள் தெரு மளிகைக்கடை அண்ணனுக்கும் புரிகிற மாதிரி சொல்லிவிட்டார்கள். கடனில் கிடந்தபோது புருஷனோடு ஒட்டி நின்ற சுமதிக்குப் பணம் வந்தபிறகுதான் சங்கடம் ஆரம்பிக்கிறது, அது எனக்குப் பிடித்தது. ஆனால் அந்த வீட்டில் மறைத்தது லாபத்தை. நஷ்டத்தை மறைக்கிறவன் எப்படித் தூங்குவான், மூன்றரை மணிக்கு மார்க்கெட் மூடியதும் எப்படி முகத்தைக் கழுவிக்கொண்டு டீ கேட்பான் என்று எடுக்கத்தான் ஆள் இல்லை.

வால் ஸ்ட்ரீட், 1987. அமெரிக்க மார்க்கெட் ஒரே நாளில் இருபது சதவீதத்துக்கு மேல் விழுந்த அந்த அக்டோபருக்கு இரண்டு மாதம் கழித்து வந்த படம். பெரும்புள்ளியாக வந்த மைக்கேல் டக்ளஸுக்கு ஆஸ்கர் கிடைத்தது, இளம் புரோக்கரான ஹீரோவின் காதலியாக வந்த டாரில் ஹன்னாவுக்கு மோசமான நடிப்புக்கான ராஸி விருது கிடைத்தது. பாவம், அந்தப் பெண்ணைக் குற்றம் சொல்ல முடியாது. வீட்டை அலங்கரிக்க ஒருத்தி வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள், ஹீரோ அந்தப் பெரும்புள்ளியைப் பகைத்துக்கொண்டதும் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விடுகிறாள், அவ்வளவுதான் அவள் வேலை. 2023-ல் வந்த ஃபேர் ப்ளே இதைவிட உஷார். ஒரே கம்பெனியில் இரண்டு பேர், நிச்சயம் செய்துகொண்டதை ஆபீஸில் மறைக்கிறார்கள், பதவி உயர்வு அவளுக்குப் போகிறது, அவன் உள்ளுக்குள் கருகிக் கடைசியில் வெடிக்கிறான். பார்க்கலாம், ஆனால் ஜோடியாக உட்கார்ந்து பார்க்காதீர்கள்.

எங்கள் வீட்டில் மல்பெரித் தோட்டம் உண்டு, அப்பா பட்டுப்புழு வளர்த்தவர். தர்மபுரி கூடு அங்காடி ஏலத்துக்கு நானும் கூடப் போயிருக்கிறேன். ஷேர்காரன் மாதிரி "விலை ஏறட்டும், ஹோல்ட் பண்ணலாம்" என்ற பேச்சே அங்கே கிடையாது. வைத்திருந்தால் சில நாளில் அந்துப்பூச்சி கூட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும், அப்புறம் அந்தக் கூட்டில் நூல் எடுக்க முடியாது. அப்பா வந்த விலைக்குக் கொடுத்துவிட்டு விலை எழுதிய சீட்டை வாங்கிக்கொண்டு வருவார். வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா கை நீட்டுவாள், சீட்டு அவள் கைக்குப் போய்விடும். மறைக்க வழியே இல்லை. எனக்கோ போனில் கைரேகைப் பூட்டு.

(இன்னொன்று. ஷேர் முதலீட்டாளர் ராகேஷ் ஜுன்ஜுன்வாலாவைப் பெரும் பணக்காரர் ஆக்கிய ஷேர்களில் முக்கியமான டைட்டன், நம் ஓசூரில் ஆலை போட்டு ஆரம்பித்த கம்பெனி. பெயரில் இருக்கும் 'டான்' தமிழ்நாடுதான். அப்போது ஓசூர் தர்மபுரி மாவட்டம், 2004-ல்தான் கிருஷ்ணகிரி பிரிந்தது. வாட்ச் பூட்டும் லைனில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு பையனும் பெண்ணும், ஆளுக்குக் கொஞ்சம் கம்பெனி ஷேர், யார் முதலில் விற்றார்கள் என்று ஒரு கதை பண்ணலாமே? எல்லாரும் பம்பாய்க்கே ஓடுகிறார்கள்.)

சரி, என் கதை. ஃப்யூச்சர், ஆப்ஷனில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் மூன்று வருஷத்தில் நஷ்டப்பட்டதாக, ஷேர் மார்க்கெட்டைக் கண்காணிக்கும் செபியின் அறிக்கை வந்திருந்தது அல்லவா, அந்தச் செய்தியை மொபைலில் அவளிடம் காட்டி, "இதுல நானும் ஒருத்தன்" என்றேன். கோழைத்தனமான வழிதான். எவ்வளவு என்று கேட்பாள் என நினைத்தேன். "எத்தனை மாசமா?" என்று கேட்டாள். அதன்பிறகு இரண்டு நாள் பேச்சு இல்லை.

போன மாதம் இருவரும் லெக்லிஸ்ஸே பார்த்தோம். 1962, இத்தாலி, அன்டோனியோனி. பெயருக்குக் கிரகணம் என்று அர்த்தம். ரோம் பங்குச்சந்தையில் செத்துப்போன சகா ஒருவருக்காக ஒரு நிமிஷம் எல்லாரும் அசையாமல் நிற்கிறார்கள், போன்கள் மட்டும் அடித்துக்கொண்டே இருக்கின்றன. மார்க்கெட் விழுந்த நாளில் கோடிக்கணக்கில் லிரா இழந்த ஒரு குண்டு மனிதர் கடையில் உட்கார்ந்து ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு தாளில் ஏதோ கிறுக்கிவிட்டுப் போகிறார். கதாநாயகி மோனிகா விட்டி போய் எடுத்துப் பார்க்கிறாள். பூக்கள். அந்த மனிதர் வீட்டுக்குப் போய் என்ன சொன்னாரோ என்பதே எனக்கு ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் அவளும் புரோக்கர் அலன் டெலோனும் சாயங்காலம் சந்திப்பதாகப் பேசிக்கொண்டு பிரிகிறார்கள். அப்புறம் ஏழு நிமிஷம் போலக் காலியான தெருமுனை, தண்ணீர்ப் பீப்பாய், பஸ், விளக்கு. இரண்டு பேருமே வரவில்லை.

மனைவி பாதியில் தூங்கிவிட்டாள். முடிந்ததும் விழித்து, "வந்தாங்களா?" என்றாள்.

"ரெண்டு பேரும் வரல."

"அந்த ஆபீஸ்ல அத்தனை போன் வெச்சிருந்தான்ல. ஒரு போன் பண்ணிச் சொல்லியிருக்கலாம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.