169.254-இல் தொடங்கும் முகவரி

நேற்று இரவு ஒன்பது மணிக்கு அப்பாவின் கணினியில் இணையம் நின்றுவிட்டது. கரண்ட் பில் கட்டக் கடைசி நாள் வேறு. என் போனில் வைஃபை நன்றாகவே ஓடியது. அதற்குள் அப்பா மூன்று முறை கணினியை அணைத்துப் போட்டிருந்தார்.

கட்டளைகளை அடிக்கும் கறுப்புத் திரையைத் திறந்து, நெட்வொர்க்கில் கணினியின் முகவரி எண்ணைக் காட்டும் ஐபிகான்ஃபிக் (ipconfig) என்ற கட்டளையை அடித்தேன். எங்கள் வீட்டில் 192.168.1 என்று தொடங்க வேண்டிய முகவரி, 169.254 என்று தொடங்கியது. பாதி விடை அங்கேயே கிடைத்துவிட்டது. வீட்டுக்குள் இணையத்தைப் பகிர்ந்து கொடுக்கும் பெட்டியான ரௌட்டரிடம் முகவரி கேட்டுப் பதில் வராவிட்டால், விண்டோஸ் தானாகவே எடுத்து வைத்துக்கொள்ளும் எண் அது. ரௌட்டர் போனுக்கு முகவரி கொடுத்திருக்கிறதே! அப்படியானால் ரௌட்டரிலிருந்து கணினிக்கு வரும் வழியில்தான் ஏதோ சிக்கல்.

மேஜைக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தேன். கேபிள் செருகியிருந்த இடத்தில் பச்சை விளக்கு எரிவதும் அணைவதுமாக இருந்தது. செருகியில் 'டிக்' என்று மாட்டிக்கொள்ளும் சின்ன பிளாஸ்டிக் கொக்கி உடைந்திருந்தது. முழுசாகக் கழன்றிருந்தால் கேபிள் இல்லை என்று விண்டோஸே சொல்லியிருக்கும். இது பாதி தொட்டும் தொடாமலும் நின்று ஆளை ஏமாற்றியது. தினமும் துடைப்பம் பட்டு இழுபட்டதாக இருக்கலாம். அம்மாவிடம் சொல்லவில்லை, வம்பு எதற்கு.

பரணில் கிடந்த பழைய கேபிளை மாட்டினேன். 192.168.1.7 வந்தது. பில் கட்டி முடித்தபோது மணி 9:50. "நான்தான் மூணு தடவை ரீஸ்டார்ட் பண்ணினேனே, அதுல சரியாயிருக்கும்" என்றார் அப்பா.