அசையாத கோபோ குளோ: ரோஸ்ஹில் பணிமேசைக் குறிப்புகள்

2025 ஜூலை 7

மொரீஷியஸின் கியூர்பிப்பிலிருந்து எங்கள் ரோஸ்ஹில் பணிமேசைக்கு ஒரு கோபோ குளோ மின்னூல் வாசிப்பான் வந்திருக்கிறது. 2012இல் வெளிவந்த மாடல், மெனு பிரெஞ்சில். ஒரு புத்தக அட்டை திரையில் உறைந்து நிற்கிறது. பொத்தானை அழுத்தினாலும் சார்ஜரில் போட்டாலும் மாற்றமில்லை. "படம் தெரியுதே, உயிர் இருக்கும்" என்றுதான் கொண்டு வருகிறவர்கள் எல்லோரும் சொல்வார்கள். இந்த வகைத் திரைக்குப் படத்தை மாற்றும்போது மட்டும்தான் மின்சாரம் வேண்டும், வைத்திருக்க வேண்டாம். அடியோடு செத்த கருவியும் கடைசியாக வரைந்த படத்தைக் காட்டிக்கொண்டே இருக்கும். திரையை வைத்து எதையும் தீர்மானிக்காதீர்கள்.

மேட்டுநிலத்தில் இது ஈரமான குளிர்காலம். மைக்ரோ யுஎஸ்பி துளையில் பச்சைக் களிம்பு இருந்தது. ஐசோப்ரொபைல் ஆல்கஹால் நனைத்த மென்தூரிகையால் துடைத்துக் காயவைத்து, கணினியின் யுஎஸ்பி துளையில் இரவு முழுக்கச் சார்ஜுக்குப் போட்டாகிவிட்டது. பேட்டரி 3 வோல்ட்டுக்குக் கீழே போயிருந்தால் அது மேலே வரவே சில மணி நேரம் பிடிக்கும். கேபிளைத் தனியாகச் சோதியுங்கள்: சார்ஜ் மட்டும் செய்யும் கேபிளில் தரவுக் கம்பியே இருக்காது, பிறகு கணினியிலுள்ள லினக்ஸ் இயக்க அமைப்பு எதையும் காணாது.

ஜூலை 8

அடியிலிருக்கும் ரீசெட் துளையில் ஊசி வைத்து அழுத்திவிட்டு, இணைந்திருக்கும் கருவிகளின் அடையாள எண்களைக் காட்டும் 'எல்எஸ்யுஎஸ்பி' கட்டளையைப் பார்த்தோம். 2237:4173 என்று வந்தால் கோபோவின் இயக்க அமைப்பே எழுந்துவிட்டது, சிக்கல் மேல்மட்டத்தில்தான். 15ஏ2:0052 என்று வந்தால் ஐ.எம்எக்ஸ்50 செயலி விழித்திருக்கிறது, ஆனால் துவங்குவதற்கு எதுவும் கிடைக்காமல் மீட்பு நிலையில் காத்திருக்கிறது. ஒன்றும் வராவிட்டால் மின்சாரம், கேபிள், அல்லது பாதியில் தொங்கும் துவக்கம்.

இங்கே ஒன்றும் வரவில்லை. பின்மூடியில் திருகு கிடையாது. பிளாஸ்டிக் பிக்கை விளிம்பில் செருகிக் கொக்கிகளை ஒவ்வொன்றாக விடுவித்தால் போதும். முகம் கீழே, மெத்தென்ற துணியின் மேல். நடுவில் அழுத்தாதீர்கள், திரை மெல்லிய கண்ணாடி. பேட்டரி 3.8 வோல்ட் காட்டியது, நல்லது. பலகையில் இருக்கும் உள் மைக்ரோ எஸ்டி கார்டை உருவிவிட்டு மறுபடி இணைத்ததும் 15ஏ2:0052 வந்துவிட்டது.

செயலி, மின்வழி, யுஎஸ்பி மூன்றும் நலம்; கோளாறு கார்டில். மாடலின் ஃபர்ம்வேரை, அதாவது உள்மென்பொருளை, தேடி இறக்குவதற்கு முன்னால் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். சாகும் கார்டின் மேல் புது ஃபர்ம்வேர் எழுதினால் மிச்சமிருப்பதும் போய்விடும்.

ஜூலை 9

கார்டை நகலெடுக்க, கோப்பு மேலாளரின் தானியங்கி மவுண்ட்டை (செருகிய கார்டைத் தானாகத் திறக்கும் வசதியை) முதலில் அணைக்க வேண்டும். இல்லையென்றால் கார்டைச் செருகிய உடனே அது எழுதத் தொடங்கும். அடாப்டரின் ஓரத்திலுள்ள பூட்டுத் தாழை நம்ப வேண்டாம். பல யுஎஸ்பி ரீடர்கள் அதைக் கண்டுகொள்வதில்லை. 'பிளாக்டெவ்' கட்டளையின் 'செட்ஆர்ஓ' விருப்பத்தால் படிக்க மட்டும் என்று பூட்டினோம்.

நகலெடுக்க டிடிரெஸ்க்யூ, பழுதான கார்டிலிருந்து படிக்க முடிந்ததை எல்லாம் எடுக்கும் நிரல். டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வகைகளில் பொதியின் பெயர் 'ஜிடிடிரெஸ்க்யூ', கட்டளை 'டிடிரெஸ்க்யூ'. முதல் ஓட்டத்தில் 'என்' விருப்பம்: கெட்ட இடங்களைத் தோண்டாமல் நல்ல பகுதிகளை அள்ளிக்கொள்ளும். இரண்டாம் ஓட்டத்தில் 'டி'யும் 'ஆர்3'யும்: நேரடி வாசிப்பு, மூன்று மறுமுயற்சி. எதுவரை படித்தாயிற்று என்று குறித்துவைக்கும் வரைபடக் கோப்பைக் கட்டாயம் கொடுங்கள். பாதியில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பிரிவுகளை மட்டுமல்ல, 2 ஜிபி கார்டு முழுவதையும், சுழிய செக்டரிலிருந்து (செக்டர் என்பது 512 பைட் துண்டு).

முதல் பிரிவுக்கு முன்னால், எந்தக் கோப்பு மேலாளரும் காட்டாத இடத்தில்தான் உயிர்நாடி இருக்கிறது. செக்டர் 1இல் வரிசை எண், 2இலிருந்து துவக்க நிரலான யு-பூட், 1024இல் வன்பொருள் அமைப்பு, 2048இல் இயக்க அமைப்பின் கருவான கெர்னல், 14336இல் திரையின் அலைவடிவத் தரவு (படத்தை எப்படி வரைவது என்று திரைக்குச் சொல்வது). அலைவடிவம் அந்தந்தத் திரைத் தொகுதிக்கென்று அமைந்தது. வேறொரு குளோவின் நகலை அப்படியே எழுதினால் கருவி எழக்கூடும், ஆனால் எழுத்து வெளிறியோ பழைய பக்கத்தின் நிழலோடோ வரலாம். சொந்தக் கார்டிலிருந்து மீட்க முடிகிற வரை அதைத்தான் மீட்க வேண்டும்.

ஜூலை 10

வாசிக்க முடியாத இடங்கள் இயக்க அமைப்பு இருக்கும் முதல் பிரிவிலும், புத்தகங்கள் இருக்கும் மூன்றாவதிலும்தான். முதல் பிரிவுக்கு முன்னாலுள்ள மறைபகுதி முழுசாக வந்திருக்கிறது. நகலின் பைட்டுகளைக் காட்டும் ஹெக்ஸ்டம்ப்பில் 512ஆம் பைட்டில் 'எஸ்என்-என்613' என்று தொடங்குகிறது, குளோவின் மாடல் எண் அதுவே. 1 மெபிபைட் இடத்தில் 27 05 19 56: யு-பூட்டுக்கான கெர்னல் கோப்பின் முத்திரை. இரண்டாம் பிரிவு, அதாவது தொழிற்சாலை மீட்புப் பிரிவு, ஈ2எஃப்எஸ்சிகே என்ற கோப்பமைப்புச் சோதனையில் பிழையின்றித் தேறியது.

ஜூலை 12

புதுக் கார்டு 32 ஜிபிக்குள் இருக்கட்டும். அதற்கு மேல் எஸ்டிஎக்ஸ்சி என்ற வேறு வகை, இந்தப் பழைய பலகையில் அந்தச் சோதனை வேண்டாம். வாங்கியதும் கார்டின் உண்மைக் கொள்ளளவைச் சோதிக்கும் எஃப்3 நிரலை ஓட்டுங்கள். சந்தையில் 16 ஜிபி என்று எழுதி 4 ஜிபிகூட இல்லாத கார்டுகள் உண்டு. அவை எழுதும்போது முறையிடாது, படிக்கும்போதுதான் குட்டு வெளிப்படும்.

நகலை 'டிடி'யால் எழுதினோம்: பிளாக் அளவு 4எம், முடிவில் எஃப்சிங்க் (எல்லாம் கார்டில் சேரும் வரை காத்திருக்கச் சொல்வது). வட்டுகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்பிஎல்கே'யில் சாதனப் பெயரை உறுதிசெய்யாமல் என்டரைத் தொடாதீர்கள். கருவி எழுந்தது, ஆனால் துவக்கப் புள்ளிகள் ஓடிக்கொண்டே இருந்தன. முதல் பிரிவில் கோப்புகள் விடுபட்டிருப்பதால் எதிர்பார்த்ததுதான்.

ஜூலை 14

முதல் பிரிவை வெறுமையாக்கி, மீட்புப் பிரிவிலுள்ள டிஜிஇசட் என்ற சுருக்கிய பொதியை அதில் விரித்தோம். பலர் இடறி விழும் இடம் இது. குளோவின் கெர்னல் 2.6.35. இன்றைய 'எம்கேஎஃப்எஸ்' கட்டளை எக்ஸ்ட்4 கோப்பமைப்பில் பிரிவை உருவாக்கும்போது 'மெட்டாடேட்டா சிசம்' என்ற வசதியைத் தானாகவே சேர்க்கிறது. அந்தப் பழைய கெர்னலுக்கு அது தெரியாது; எழுதும் உரிமையோடு மவுண்ட் செய்ய மறுத்துவிடும். கணினியில் பிரிவு பழுதின்றித் தெரியும், கருவியிலோ மறுபடியும் முடிவில்லாத புள்ளிகள். பிரிவை உருவாக்கும்போதே 'ஓ' விருப்பத்தில் மெட்டாடேட்டா சிசம், 64பிட் இரண்டையும் தொப்பிக்குறி (^) போட்டு நீக்குங்கள். லேபிள் பழையபடி 'ரூட்எஃப்எஸ்'. ரூட்டாக, அதாவது நிர்வாகப் பயனராக, எண்வழி உரிமையாளர் விருப்பத்தோடு 'டார்' கட்டளையால் பொதியை விரிக்க வேண்டும். சாதாரணப் பயனராக விரித்தால் கோப்புகளின் உரிமையாளர் மாறி, நிரல்கள் ஓடாது.

இப்போது பிரெஞ்சில் மொழித் தேர்வுத் திரை வந்துவிட்டது.

ஜூலை 15

பிரிவுகளை மாற்றியமைக்கும் ஜிபார்ட்டெட்டில் மூன்றாம் பிரிவைக் கார்டின் எல்லை வரை நீட்டினோம். 'கோபோஈரீடர்' என்ற லேபிளை மாற்றக் கூடாது. பிறகு இந்த மாடலுக்கான ஃபர்ம்வேர் ஜிப்பை விரித்து, உள்ளிருப்பதை எல்லாம் மறைந்திருக்கும் '.கோபோ' அடைவில் போட்டு, முறைப்படி வெளியேற்றினோம். எழுதி முடியுமுன் கேபிளைப் பிடுங்கினால் பாதி எழுதிய 'கோபோரூட்' என்ற புதுப்பிப்புப் பொதியோடு கருவி புதுப்பிக்கப் பார்க்கும். இது முடிந்த பின் ஒரு கோப்பை அழித்து, கழற்றி, மீண்டும் செருகிப் பாருங்கள். அழித்த கோப்பு திரும்ப வந்து நின்றால் புதுக் கார்டும் எழுத்தைத் தக்கவைக்கவில்லை.

உரிமையாளர் படிப்பது மதுரைத் திட்ட நூல்கள். தமிழ் எழுத்துருவை மேலடைவில் 'ஃபான்ட்ஸ்' என்ற அடைவில் வைத்தால் போதும். 'கொ', 'தை' போன்றவற்றில் கொம்புகள் சரியாக அமைய கேஓரீடர் என்ற வாசிப்பு நிரலையும் நிறுவினோம். அது ஹார்ஃப்பஸ் என்ற எழுத்தமைப்பு நிரலைக் கொண்டு எழுத்தைக் கோக்கிறது.

முழுக் கார்டையும் மறுபடி நகலெடுத்து, எக்ஸ்இசட் வடிவில் சுருக்கி, வரிசை எண்ணையே கோப்புப் பெயராக வைத்துச் சேமித்தாயிற்று.