சரிவில் நட்ட வெட்டிவேர்

கோத்தகிரி பக்கம் எங்கள் கேரட் தோட்டம் நல்ல சரிவு. ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழையிலும் மேல்மண் செந்நீராக ஓடைக்குப் போவதைப் பார்த்தால் வயிறு எரியும். 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன்பிறகு பெருமழை என்றாலே வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது.

மூன்று வருடம் முன்பு சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில் வெட்டிவேர்ப் புல் நட்டோம். தூரைப் பிரித்து, ஒரு சாண் இடைவெளிக்கும் குறைவாக நெருக்கி வைக்க வேண்டும். இடைவெளி விட்டால் தண்ணீர் அந்த இடுக்கைத்தான் தேடிப் பிடிக்கும். வேர் பக்கவாட்டில் பரவாமல் நேரே கீழே இறங்கும், நல்ல மண்ணில் 3 மீட்டர் வரைகூட. அதனால் பயிரோடு அதிகம் போட்டி இல்லை. மேலே இலைகள் வேலிபோல நின்று நீரின் வேகத்தைக் குறைக்க, வண்டல் அங்கேயே தங்கிவிடும். எங்கள் வரிசைகளுக்குப் பின்னால் இப்போது சின்னச் சின்னப் படிகளே உருவாகிவிட்டன! நிழலில் மட்டும் நடாதீர்கள், தேறாது.

புல் மட்டும் போதாது, மண்ணும் மாற வேண்டும். மக்கிய தொழுவுரம் போட்டால் மண் துகள்கள் சேர்ந்து பொலபொலவென்று ஆகி மழையை உள்ளே வாங்கும். எங்கள் புளிப்பு மண்ணுக்கு, பரிசோதனை செய்த பிறகு, கொஞ்சம் சுண்ணாம்பும் இட்டோம். அப்புறம் மூடாக்கு, அதாவது காய்ந்த இலைதழையால் மண்ணை மூடிவைப்பது. வெறும் மண்ணில் மழைத்துளி நேராக விழவே கூடாது.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். இது மேல்மண் அரிப்புக்குத்தான். ஆழத்திலிருந்து நகரும் மலையை எந்தப் புல்லாலும் பிடிக்க முடியாது. சரிவை செங்குத்தாக வெட்டி வீடு கட்டிவிட்டு, ஓரத்தில் நாலு தூர் நடுவது பாதுகாப்பு ஆகாது.

தூர் வேண்டும் என்பவர்கள் சொல்லுங்கள், மழைக்கு முன் பிரித்துத் தருகிறேன்.