உறுதியாத் தெரிஞ்சா மட்டும் சொல்லு

அந்தரத்தில் நிற்கக்கூடிய கடற்படைப் போர் விமானமான சீ ஹாரியருக்கு எஞ்சின் மாற்ற முதலில் இறக்கையைக் கழற்ற வேண்டும். இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரே துண்டு. அதைத் தூக்கினால்தான் பெகாசஸ் எஞ்சின் மேல்வழியாக வெளியே வரும். அன்று இரவு எல்லாம் மாட்டி முடித்து, நான் கையெழுத்துப் போடப் போகும்போது எனக்குக் கீழே வேலை பார்த்த பையன் வந்து நின்றான்.

"அண்ணே, வாஷர் ஒண்ணு குறையுற மாதிரி இருக்கு."

"மாதிரின்னா?"

"நான் எண்ணினது சரியான்னு தெரியல அண்ணே."

மறுபடி இறக்கையைக் கழற்றச் சொன்னேன். அதில் எனக்குத் தயக்கமே இல்லை. எஞ்சினின் விசையை வெளியே விடும் குழாய்வாய்களான நான்கு நாசில்களையும் காற்றில் ஓடும் மோட்டார்தான் சங்கிலி வழியாகத் திருப்புகிறது. அந்தரத்தில் நிற்கும்போது இறக்கை எதையும் தாங்காது, முழு எடையும் அந்த ஒற்றை எஞ்சின்மேல்தான். கோவா வெயிலில் விசை குறையும் என்பதால் எஞ்சினுக்குள் தண்ணீர் பீய்ச்சிச் சமாளிப்பார்கள். அந்தத் தண்ணீரும் சுமார் 90 விநாடிக்குத்தான் வரும். அந்த நேரம் பார்த்துச் சங்கிலியில் ஒரு வாஷர் சிக்கினால்?

விடியும்வரை டார்ச்சும் கண்ணாடியும் வைத்துத் தேடினோம். கடைசியில் அவன் ஓவராலின் மடித்துவிட்ட கால் மடிப்பிலிருந்து அது தரையில் விழுந்தது. யாரும் பேசவில்லை. காலையில் அந்த விமானம் பறக்க வேண்டிய சார்ட்டி ரத்தாகியிருந்தது. அப்போதுதான் சொன்னேன்: "இனிமே உறுதியாத் தெரிஞ்சா மட்டும் சொல்லு."

நான் கண்டிக்காவிட்டால் மற்றவர்கள் அவனை இன்னும் மோசமாகப் பேசியிருப்பார்கள். இதைப் பலமுறை எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் சந்தேகம் என்பது உறுதியில்லாததுதானே? அதைச் சொன்னதற்காகத்தானே அவனைப் பாராட்டியிருக்க வேண்டும்?

அதன்பிறகு என்னிடம் அவன் எந்தச் சந்தேகத்தையும் கொண்டுவரவில்லை. ஒருவேளை இன்னும் கவனமாக எண்ணப் பழகியிருக்கலாம். நாங்கள் கைவைத்த எந்த விமானத்துக்கும் ஒன்றும் ஆகவில்லை, அது உண்மை. ஆனால் அவன் சொல்லாமல் விழுங்கிய கணக்கு ஏதாவது இருந்ததா?

2016 மே மாதம் கோவாவில் ஹாரியர்களுக்கு விடை கொடுத்த செய்தியைப் பார்த்தபோது, முதலில் ஒரு நிம்மதி வந்தது. அப்புறம் வெட்கமாக இருந்தது.

அவன் எண் என்னிடம் இருக்கிறது. கூப்பிட்டுக் கேட்கலாம். ஆனால் அந்த விடியலுக்குப் பிறகு அவன் என்னை அண்ணே என்று அழைத்ததே இல்லை. இப்போது கேட்டாலும் "அப்படியெல்லாம் எதுவும் இல்ல சீஃப்" என்றுதான் சொல்வான்.