வைவா முடிந்தது, பால்குடம் பாக்கி

என் மாமியார் வடபழனி முருகனுக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டது 2017-இல், நான் பகுதி நேரமாகப் பிஎச்.டி. சேர்ந்த வருடம். "இவ படிச்சு முடிக்கணும்" என்பதுதான் வேண்டுதல். முடிப்பது என்றால் எது என்று அப்போது எனக்கும் தெரியாது, முருகனிடமும் யாரும் தெளிவாகச் சொல்லவில்லை.

என் தலைப்பு காசிமேட்டில் மீன் விற்கும் பெண்கள் வாங்கும் தண்டல் கடன், அதாவது தினம் கொஞ்சமாகத் திருப்பிக் கட்டும் கடன். பகலில் கல்லூரி வேலை, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஏலம் நடக்கும் இடத்தில் நோட்டும் கையுமாக நிற்பது, நடுவில் ஒரு பிரசவம். ஆறு வருடத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதி, பெண்களுக்கு மேலும் இரண்டு வருடம் தளர்வு உண்டு. அந்தத் தளர்வு இல்லையென்றால் நான் இல்லை. சேர்ந்திருப்பவர்கள் இதை முதல் வருடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், என்னைப் போல ஐந்தாவது வருடம் அழுதுகொண்டு போய்க் கேட்காதீர்கள்.

சினாப்சிஸ் எனும் ஆய்வுச் சுருக்கம், அப்புறம் காப்பியடித்த பகுதி பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற சோதனை, இதெல்லாம் நினைத்ததைவிடச் சுலபமாகப் போயிற்று. பைண்டிங்தான் படுத்தியது. திருவல்லிக்கேணியில் ஒரு கடையில் கொடுத்தேன். அட்டையில் தங்க எழுத்தில் 'மீனவப் பெண்கள்' என்பதற்குப் பதில் 'மீனவப் பொண்கள்' என்று பளபளத்தது, ஐந்து பிரதியிலும். கடைக்காரர் நிதானமாக, "பொன்னுன்னா தங்கம்தானேம்மா" என்றார். திருப்பிப் போட்டுத் தர ஒரு நாள் ஆனது.

ஆய்வேட்டைக் கொடுத்த அன்று வீட்டில் கேசரி. முடிந்துவிட்டது என்று நானும் நம்பினேன். பிறகு பதினோரு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. தேர்வாளர்களில் ஒருவரின் அறிக்கை மட்டும் வரவே இல்லை. கல்யாணம், காதுகுத்து என்று எங்கே போனாலும் "இன்னுமா?" என்ற கேள்வி. மாமியார் மட்டும் கேட்கவில்லை, பால்குடத்துக்கு நாள் பார்ப்பதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார்.

ஒருவழியாக வைவா தேதி வந்தது. பொது வாய்மொழித் தேர்வு என்றால் நிஜமாகவே பொது, யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், கேள்வியும் கேட்கலாம். இதை வீட்டில் யாரும் நம்பவில்லை. "பரீட்சை நடக்கிற இடத்துல நாங்க எதுக்கு?" என்றார் அம்மா. அப்படியும் வந்தார், பட்டுப்புடவையில், பர்ஸை மடியில் இறுக்கிப் பிடித்தபடி மூன்றாவது வரிசையில். காசிமேட்டிலிருந்து மூன்று அக்காக்கள் வியாபாரத்தைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு ஷேர் ஆட்டோ பிடித்து வந்திருந்தார்கள்.

வெளித்தேர்வாளர் தண்டல் கணக்கைக் குடைந்தார். பத்தாயிரம் கடன் என்றால் கையில் 8,500 கொடுப்பார்கள், தினம் நூறு ரூபாய் வீதம் நூறு நாளில் பத்தாயிரம் கட்ட வேண்டும் என்று விளக்கினேன். "வட்டியை முன்னாலேயே எடுத்துவிடுகிறார்கள், சரி. நடுவில் ஒரு நாள் கட்ட முடியவில்லை என்றால்?" என்றார். நான் மூன்றாம் இயலில் எழுதியதைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஓர் அக்கா எழுந்து, "அன்னிக்கு மீனா எடுத்துக்குவான் சார், அதுக்குக் கணக்கே கிடையாது" என்றார். அறையில் சிரிப்பு. என் நெறியாளர் முகத்தைப் பார்க்க எனக்குப் பயம். தேர்வாளர் பேனாவை வைத்துவிட்டு அக்காவிடமே ஐந்து நிமிடம் பேசினார். மீனாக எடுத்துக்கொள்ளும் விஷயம் என் ஆய்வேட்டில் இல்லை. ஏழு வருடம் போயும் யாரும் சொல்லவில்லையே என்று அக்காவிடம் பிறகு கேட்டேன். "நீ கேக்கவே இல்லையேம்மா."

பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறோம் என்று அறிவித்ததும் அம்மா கைதட்டலாமா கூடாதா என்று சுற்றிப் பார்த்துவிட்டு, எல்லோரும் நிறுத்திய பிறகு தட்டினார்.

கொண்டாடுவதாக இருந்தால் அன்றைக்கே கொண்டாடிவிடுங்கள் என்பேன். பட்டமளிப்பு விழாவுக்குக் காத்திருந்தால் உற்சாகம் ஆறிப்போகும். நாங்கள் அந்த ஞாயிறே தண்டையார்பேட்டை வீட்டு மொட்டை மாடியில் ஷாமியானா போட்டோம். பாயிடம் ஐந்து கிலோ பிரியாணி, கத்தரிக்காய், பிரெட் அல்வா. காசிமேட்டு அக்காக்கள் வஞ்சிரத்தைத் துண்டு போட்டே கொண்டுவந்து, மசாலா தடவுவதற்கு என்னைக் கிட்டேயே விடவில்லை. "டாக்டரம்மா உக்காரு" என்று ஒரு ஸ்டூலைக் காட்டினார்கள். என் மகள் எல்லோரிடமும் போய், "அம்மா இனிமே ஞாயித்துக்கெழமை வீட்ல இருப்பாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அதைக் கேட்டுக்கொண்டே பிரியாணி சாப்பிடுவது கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

போன மாதம் புரொவிஷனல் சான்றிதழ் கைக்கு வந்தது. மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "புரொவிஷனல்னா என்னம்மா?"

"தற்காலிகம், அத்தை."

காகிதத்தை மடிக்காமல் என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "அப்போ நெஜமானது வரட்டும்."