அப்புத்தளையில் மெழுகுக்குச் சூடு காட்டிய இரண்டு நாள்

அப்புத்தளை ஸ்டேஷனில் இறங்கியபோது மூடுபனி தண்டவாளம் வரை வந்திருந்தது. கூட வந்தவர்கள் லிப்டன் சீட் என்ற மலையுச்சிக் காட்சியிடத்துக்கு ஆட்டோ பேசிக்கொண்டிருந்தார்கள். நான் தோட்டப் பக்கம் போகும் பாதையில் ஒரு வீட்டைத் தேடிப் போனேன். அங்கே ஓர் அக்கா என்காஸ்டிக் ஓவியம் சொல்லித்தருகிறார். உருக்கிய தேன்மெழுகில் நிறத்தூள் கலந்து, ஆறுவதற்குள் பலகையில் தீட்டுகிற முறை அது.

பத்திக் துணி பார்த்து வளர்ந்தவர்களுக்கு மெழுகு புதிதல்ல. ஆனால் பத்திக்கில் மெழுகு சாயத்தைத் தடுத்துவிட்டு, கடைசியில் வெந்நீரோடு போய்விடும். இதில் மெழுகேதான் படம். எகிப்தின் ஃபயூம் பகுதியில் கி.பி. 1 முதல் 3ஆம் நூற்றாண்டு வரை, இறந்தவர்களின் முகங்களை இப்படி மரப்பலகையில் தீட்டி மம்மியோடு சேர்த்துக் கட்டினார்கள். அந்தப் படங்கள் சிலவற்றை அக்கா சுவரில் ஒட்டியிருந்தார். ஒரு பெண்ணின் கண்ணில் இருந்த வெளிச்சப் புள்ளி, இப்போதுதான் வைத்ததுபோல் ஈரமாகத் தெரிந்தது.

கரண்ட் அடுப்பில் ஒரு தட்டையான சட்டி, அதில் தண்ணீர், தண்ணீருக்குள் பால்மா டின்கள். டின்னுக்கு ஒரு நிறம். மெழுகு எட்டுப் பங்கு, குங்கிலியப் பிசின் ஒரு பங்கு. குங்கிலியம் லேசில் உருகாது என்பதால் அதை முன்னமே மெழுகோடு காய்ச்சி வடித்து வைத்திருந்தார். அது சேர்ந்தால்தான் மெழுகு இறுகும். தேன்மெழுகு 63 பாகை செல்சியஸ் அளவில் உருகிவிடும். சூடு எல்லை மீறினால் புகையும், அந்தப் புகை நெஞ்சுக்கு ஆகாது. அப்புத்தளை சுமார் 1,430 மீட்டர் உயரம், இங்கே தண்ணீர் 95 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. அதனால் சட்டியில் தண்ணீர் வற்றாத வரை டின்னும் அதற்கு மேல் சூடேறாது. மலையே காவல் நிற்பதுபோல எனக்குப் பட்டது. ஜன்னல் இரண்டையும் திறந்தே வைத்திருந்தோம், குளிர் அடித்தாலும்.

அந்தக் குளிர்தான் சோதனை. டின்னிலிருந்து பலகைக்குப் போவதற்குள் தூரிகை விறைத்துவிடும். ஒரு கோடு இழுத்ததும் மறுபடி முக்க வேண்டும். நைலோன் தூரிகை சூட்டில் வடிவம் கெட்டுவிடும் என்பதால் பன்றிமயிர்த் தூரிகைதான்.

முதல் நாள் மதியம் வரை அக்கா ஒன்றை மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தார்: ஒவ்வொரு பூச்சுக்கும் பிறகு சூடு காட்ட வேண்டும். ஒரு பழைய பலகையை எடுத்து விளிம்பில் நகத்தை விட்டார். மேல் பூச்சு அப்பளம்போல அப்படியே எழும்பி வந்தது. "பாத்தீங்களா தம்பி, இதுக்கு சூடு காட்டல. ஒன்னோட ஒன்னு ஒட்டவே இல்ல." அப்புறம் சுடுகாற்று ஊதும் ஹீட் கன்னை ஒரு சாண் தள்ளிப் பிடித்து மெதுவாக நகர்த்தினார். மங்கலாக இருந்த மெழுகு சட்டென்று ஈரமாகப் பளபளத்தது. அந்தப் பளபளப்பு வந்த நொடியே கையை நகர்த்திவிட வேண்டும். நான் ஒரு நொடி தாமதித்தேன், வானத்து நீலம் மேகத்துக்குள் ஓடிவிட்டது. அக்கா திட்டவில்லை. சுரண்டியைக் கையில் தந்தார். சுரண்டிவிட்டு மறுபடி தொடங்கலாம் என்பது இந்த முறையின் பெரிய கருணை.

என் பக்கத்தில் முப்பது வருசம் கொழுந்து எடுத்த ஓர் அம்மா இருந்தார். இறுகிய பச்சை மெழுகில் ஊசியால் தேயிலை நிரைகளைக் கீறி, கீறலுக்குள் கறுப்பு எண்ணெய் வர்ணத்தைத் தேய்த்து, மிச்சத்தைத் துணியால் துடைத்தார். கோடுகள் மட்டும் நின்றன. அவ்வளவு உறுதியான கையை நான் பார்த்ததில்லை. என் பலகையை எட்டிப் பார்த்து, "வீபி மலையில நெர இப்படி மேலருந்து கீழ வராதுப்பா. சரிவுக்குக் குறுக்கதான் போகும், இல்லாட்டி மண்ணு அடிச்சிட்டுப் போயிரும்" என்றார். வீபி என்பது விதையில்லாமல் வெட்டுத்துண்டிலிருந்து வளர்த்த தேயிலை. ரயில் ஜன்னலில் எத்தனையோ தடவை அந்த மலைகளைப் பார்த்திருக்கிறேன், நிரை எப்படிப் போகிறது என்று கவனித்ததே இல்லை. சுரண்டிவிட்டு, அவர் சொன்னபடி கீறினேன்.

எங்கள் பலகைகள் பழைய தேயிலைப் பெட்டிகளில் அறுத்தவை. இப்போது தேயிலை கடதாசிச் சாக்கில் போகிறது, பெட்டிப் பலகை கிடைப்பது குறைவு. துணியில் வரைந்தால் மடியும்போது மெழுகு வெடித்துவிடும், அதனால் விறைப்பான பலகைதான் வேண்டும்.

கிளம்பும்போது தேத்தண்ணியோடு அக்கா இரண்டு விஷயம் சொன்னார். வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் படத்தை விடக்கூடாது. முதல் சில மாதம் மேலே வெள்ளை படரும், பயப்படாமல் மெல்லிய துணியால் துடைக்க வேண்டும். கொழும்பில் என் மேசைக்கு மேலே அது மாட்டியிருக்கிறது. போன வாரம்தான் முதல்முறையாக வெள்ளை படர்ந்தது. பழைய வேட்டித் துண்டால் துடைத்தேன். நிரைகள் தெளிந்து வந்தன, துணியில் தேன் வாசம்.